உருவ ஒற்றுமையும் உறவு ஒற்றுமையும்

(அறிவியல் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



கங்கையாற்றின் ஓங்கிலை, அதாவது டால்பினை, முதன்முறை காண்பவர் மீன் என்றே எண்ணுவர். இரு முனையும் ஒடுங்கிய உடல், பக்கங்களில் துடுப்பு, பின்னே வால். ஆனால் தோற்றம் வேறு, உறவு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய உயிரியல் வகுத்துள்ள சொற்களே அமைப்பொத்த உறுப்புகள், செயலொத்த உறுப்புகள் என்பன.

ஓங்கிலின் துடுப்பினுள் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், ஐந்து விரல்கள் ஆகியவை வரிசையாக அமைந்துள்ளன. நமது கையிலும் வௌவாலின் சிறகிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். நீந்துதல், பற்றுதல், பறத்தல் எனப் பணிகள் வேறுபடினும் அடிப்படை ஒன்றே. இவை அமைப்பொத்த உறுப்புகள்.

வாலோ வேறு கதை கூறுகிறது. மீனின் வால் துடுப்பு செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசைகிறது. முட்கதிர்கள் அதைத் தாங்குகின்றன. ஓங்கிலின் வால் மடல்கள் கிடையாக அமைந்து மேலும் கீழும் அசைகின்றன. அவற்றினுள் முட்கதிர்கள் இல்லை. நீரில் விரைதல் என்னும் ஒரே தேவை இருவேறு மரபுகளில் ஒத்த உருவத்தைத் தோற்றுவித்தது. இவை செயலொத்த உறுப்புகள். முன்னவை பொது மூதாதைக்குச் சான்று. பின்னவை சூழ்நிலைக்கேற்ற இயற்கைத் தேர்வுக்குச் சான்று.

இவ்வேறுபாட்டை 1843ஆம் ஆண்டில் வரையறுத்தவர் ரிச்சர்டு ஓவன். அமைப்பொற்றுமைக்குக் காரணம் பொது மரபே என 1859இல் விளக்கியவர் டார்வின். நம் நாட்டு மண்ணும் இதற்குச் சான்று தந்துள்ளது. காஷ்மீர்ப் பகுதியில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் திரட்டிய பாறைகளில், ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'இந்தோஹையஸ்' என்னும் சிறு குளம்பு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அதன் காதெலும்பு திமிங்கில இனத்திற்கே உரிய தடிப்புடன் விளங்குவதை 2007ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

இது வெறும் ஏட்டறிவன்று. மீன் செவுள்களால் நீரிலேயே சுவாசிக்கும். ஓங்கில் நுரையீரலால் சுவாசிப்பது. எனவே வலையில் சிக்கி மேலே வர இயலாத ஓங்கில் நீரிலேயே மூச்சடைத்து இறக்கிறது. ஒரு பேற்றில் அது பொதுவாக ஒரு குட்டியே ஈனுவதால், மீன்வளம் பெருகும் வேகத்தில் இழப்பு ஈடாவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. 2009இல் அது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. ஆயினும் சட்டம் பயன்தர வேண்டுமாயின், ஆற்றங்கரையில் வலை வீசுபவரும் ஆற்றுத் திட்டம் தீட்டுபவரும் அதன் உறவை உணர வேண்டும்.

கங்கைக்கரை மக்கள் அதன் மூச்சொலியை ஒட்டி அதைச் 'சூசு' என்றழைக்கின்றனர். அது மூச்சுவிட மேலே வரும் உயிர் என்பதை அப்பெயரே நமக்கு நினைவூட்டுகிறது.