ஒரு விளம்பரமும் ஒரு வார்த்தையும்
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பாலம், பீம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது 'ஹோம்லி' என்ற ஆங்கில வார்த்தையைப் பற்றி.

கம்பெனி வேலையாக ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்தபோது அப்பா ஒரு மணமகன் தேவை விளம்பரத்தை எழுதி அனுப்பினார். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுடா" என்றார். பக்கத்து மேஜை அமெரிக்கரிடம் காட்டினேன். மனுஷர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "சொந்தத் தங்கையைப் பற்றி இப்படியா எழுதுவது?" என்றார்.

வில்லங்கம் 'ஹோம்லி'யில் இருந்தது. அங்கே அதற்கு 'பார்க்க லட்சணமில்லாத' என்று பொருள். அவலட்சணம் என்று சொல்லக் கூசுகிறவர்கள் சொல்லும் நாசூக்கான சொல். ஆபிரகாம் லிங்கனின் முகத்தை அவர் காலத்தவர் பலர் இப்படித்தான் வர்ணித்தார்கள். இங்கிலாந்திலோ ஒரு விடுதியை ஹோம்லி என்றால் அது பாராட்டு. வீடு மாதிரி இதமாக இருக்கிறதாம்.

வேர் ஒன்றுதான், வீடு. வீட்டுக்குரியது எளிமையானது, எளிமையில் அலங்காரம் இல்லை, அலங்காரம் இல்லாத முகம் அழகில்லாத முகம். இப்படிப் படிப்படியாக இறங்கியிருக்கிறது பொருள். அமெரிக்காக்காரனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1634-இல் இங்கிலாந்தில் அரங்கேறிய 'கோமஸ்' நாடகத்திலேயே மில்டன் இதை முகத்துக்குப் போட்டுவிட்டார். நம்மூரில் அது மெஸ் போர்டில் ஏறி 'ஹோம்லி மீல்ஸ்' ஆயிற்று. வரன் விளம்பரத்தில் ஏறி 'குடும்பப் பாங்கான பெண்' ஆயிற்று.

அன்று ராத்திரியே அப்பாவைக் கூப்பிட்டேன். "அந்த வார்த்தையை எடுத்திடுங்கப்பா."

"ஏன்டா, அமெரிக்காக்காரனா பொண்ணு பார்க்க வர்றான்? தஞ்சாவூர்க்காரன்தானே வர்றான். அவனுக்குப் புரியும்."

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. தங்கச்சி போனை வாங்கினாள். எம்.எஸ்ஸி. முடித்து மூன்று வருஷமாக வேலையில் இருப்பவள்.

"அண்ணே, அமெரிக்கா அர்த்தத்தில படிச்சா எவனும் வரமாட்டான், அதுகூடப் பரவாயில்லை. நம்மூர் அர்த்தத்தில படிச்சிட்டு வர்றவன்தான் வேலையை விடச் சொல்வான்."

நான் அகராதி அர்த்தத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். வெளித்தோற்றத்தைச் சொல்லும் வார்த்தை என்று அமெரிக்கர் எனக்குக் காட்டினார். அதே வார்த்தைக்குள் சமையலறைக் கதவும் தாழ்ப்பாளும் இருப்பதை அவள்தான் காட்டினாள்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் 'ஹோம்லி'யை அடித்துவிட்டு 'வேலையில் இருப்பவர், தொடர விருப்பம்' என்று போட்டார். அதற்கு முன்னால் இருந்த 'ஃபேர்' மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் பந்தி ஆறிப்போகும்.

விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமை முதல் போன். மாப்பிள்ளையின் அம்மா. எடுத்த எடுப்பில், "பொண்ணு ஹோம்லிதானே?" என்றார்களாம். அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தாராம்.

"எந்த ஊர் அர்த்தத்தில கேட்கிறாங்கன்னு கேளுங்கப்பா" என்றாளாம் அவள்.