டெலெமோனில் நின்றுபோன கத்தி

சுவிஸ் கத்தி என்றதும் நமக்கெல்லாம் ஒரே உருவம்தான் நினைவுக்கு வரும். சிவப்புப் பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, மடக்கினால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ கொடுத்ததாக இருக்கும். அந்தக் கத்தியை நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்துவந்தன. ஒன்று விக்டோரினாக்ஸ், இன்னொன்று வெங்கர். இதில் வெங்கர் என்ற பெயரில் கத்தி வருவது 2013-ஓடு முடிந்துபோனது. பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்க்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், வெங்கர் பெயரை எடுத்தாலே ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சில் நானும் பங்காளி.

கதை ராணுவத்தில் தொடங்குகிறது. 1889-இல் சுவிஸ் படைக்குப் புதிய துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றி மாட்டத் திருப்புளி வேண்டும். சிப்பாயின் உணவோ டப்பாவில் வருகிறது, அதைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே கத்தி கேட்டார்கள். முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தன. அவ்வளவு கத்தி செய்ய உள்நாட்டில் ஆலை இல்லை. இபாக் என்ற ஊரில், பிறகு விக்டோரினாக்ஸ் ஆன பட்டறையை வைத்திருந்த கார்ல் எல்ஸனருக்கு அது பொறுக்கவில்லை. மற்ற கத்தித் தொழிலாளர்களைக் கூட்டுச் சேர்த்து 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சோலிங்கன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கூட்டாளிகள் விலகிப்போக, அவர் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தார். இருந்தும் விடவில்லை. 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இன்று நாம் பார்க்கிற சிவப்புக் கத்திகளுக்கெல்லாம் மூதாதை.

எல்ஸனர் இருந்தது ஜெர்மன் பேசும் ஷ்வீட்ஸ் மாநிலம். பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியில், டெலெமோன் பக்கத்தில் வளர்ந்த இன்னொரு தொழிலகமும் 1893-இலிருந்தே ராணுவத்துக்குக் கத்தி கொடுத்துவந்தது. அதுதான் பிறகு வெங்கர் ஆனது. இரண்டு மொழிக்காரர்களுக்கும் மனத்தாங்கல் வரக் கூடாது, போட்டியும் இருக்க வேண்டும் என்று 1908-இல் அரசு ஆர்டரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தது. கத்தி சேர்க்கிறவர்கள் இந்த முடிவை நன்றியோடு நினைக்கிறார்கள். ஒரே தேவைக்கு இரண்டு பட்டறைகள் தனித்தனியாக யோசிக்கும்படி ஆனது அதனால்தான்.

எப்படி யோசித்தார்கள் என்பதற்குக் கத்தரிக்கோலைப் பாருங்கள். விக்டோரினாக்ஸ் கத்தரிக்கோலில் இரண்டு கைகளுக்கு நடுவே மெல்லிய வில் ஒன்று தனியாக இருக்கும். அது நாளடைவில் உடையும், மாற்றிக்கொள்ளலாம். வெங்கர்காரர்கள் பிற்காலத்தில் அந்த வில்லையே எடுத்துவிட்டு, நெம்புகோல் மாதிரி ஓர் அமைப்பைக் கொடுத்தார்கள். வெட்டும் விளிம்பில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்ணிய பற்களையும் வைத்தார்கள். தூண்டில் நரம்பு, பிளாஸ்டிக் பட்டை போன்ற வழுக்குகிற பொருள்கள் அதில் நழுவாது. சாமான் கட்டும் நாடாவை அதனால் வெட்டிப் பார்த்தவருக்கு அந்த அருமை தெரியும். சிலுவையைச் சுற்றியுள்ள கோட்டிலும் வித்தியாசம் உண்டு: விக்டோரினாக்ஸில் கேடயம், வெங்கரில் மூலை மழுங்கிய சதுரம்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது 1961-ஆம் ஆண்டு மாதிரி ராணுவக் கத்தி. இரண்டு நிறுவனங்களும் செய்தது. சிவப்பு இல்லை, சொரசொரப்பாக அழுத்திய வெள்ளி நிற அலுமினியப் பிடி. நீளம் 93 மில்லிமீட்டர். அலகு, டப்பா திறப்பான், திருப்புளியோடு சேர்ந்த பாட்டில் திறப்பான், தோலில் துளை போடும் ஊசி, அவ்வளவுதான். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், சிறிய ஆனால் உறுதியான சத்தம். அலகு பிடியில் சேருகிற இடத்தில் செய்தவரின் பெயரும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். என்னிடம் இருப்பதில் 78. தாம் பிறந்த ஆண்டுக் கத்தியைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தன் வயதுள்ள ஒரு பொருள் இன்னும் கூர் மழுங்காமல் உழைக்கிறது என்பதைக் கையில் பிடித்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இந்த மாதிரி 2008-ஓடு நின்றது. ராணுவம் புது டெண்டர் விட்டு, ஒரே கையால் திறக்கக்கூடிய, ரம்பமும் உள்ள, 111 மில்லிமீட்டர் நீளப் பெரிய கத்திக்கு மாறிவிட்டது. புதியது அதிக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சட்டைப்பையில் வைத்ததே தெரியாமல் இருக்கும் அந்த லேசு அதில் இல்லை.

வெங்கரின் முடிவு வேறு விதமாக வந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்தில் சிறு கத்திகூடக் கையோடு கொண்டுபோக முடியாது என்றானது. விமான நிலையக் கடைகளிலும் விமானத்துக்குள்ளும் பரிசுப் பொருளாக விற்ற கத்தி அப்படியே தேங்கியது. இரண்டு நிறுவனங்களுக்கும் அடிதான். வெங்கரால் எழுந்திருக்க முடியவில்லை. 2005-இல் விக்டோரினாக்ஸ் அதை வாங்கியது. சில ஆண்டுகள் பெயரைத் தனியாகவே வைத்திருந்தது, பிறகு 2013-இல் கத்திகளைத் தன் பெயருக்குள் இணைத்துக்கொண்டது. டெலெமோன் ஆட்களை வேலையை விட்டு அனுப்பிக் கதவைச் சாத்தவில்லை, அது நல்ல செயல். சில மாதிரிகளும் புதுப் பெயரில் தொடர்ந்தன. வெங்கர் என்ற பெயர் கைக்கடிகாரத்திலும் முதுகுப் பையிலும் இன்றும் இருக்கிறது. கத்தியில்தான் இல்லை. போட்டியாளர் போனபின், இதே வேலையை வேறு மாதிரி செய்து காட்ட ஆள் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையிலோ, தாத்தாவின் தகரப் பெட்டியிலோ அப்படி ஒரு கத்தி கிடக்கலாம். எடுத்து அலகின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெங்கர் என்றோ, இன்னும் பழையதாக இருந்தால் வெங்கரினாக்ஸ் என்றோ இருந்தால், தெருவில் வருகிற சாணைக்காரரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். சுழலும் கல்லில் அலகு வேகமாகத் தேய்ந்து ஒல்லியாகிவிடும். சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அலகின் அகலத்தைத்தான். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீருக்குள்ளேயே நாலைந்து முறை திறந்து மூடினால் இடுக்கில் உள்ள அழுக்கு வந்துவிடும். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, கீல் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். பிறகு தட்டையான சாணைக்கல்லில் நீங்களே நிதானமாகத் தீட்டி, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாருங்கள்.