சென்று வந்தவன் சொல்லும் வழி

பழந்தமிழ்ப் புலவர்கள் ஆற்றுப்படை என்றொரு நூல்வகையை நமக்கு வைத்துச் சென்றிருக்கிறார்கள். வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, 'இன்ன வழியாகச் செல், இன்னாரைக் காண், உன் துன்பம் தீரும்' என்று கூறுவதே அதன் அமைப்பு. மனத்துயர் கொண்டோருக்குத் துணைபுரியும் தொழிலை இலங்கையில் உளவளத்துணை என்கிறோம். ஆற்றுப்படுத்தல் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. இன்று நான் செய்ய முயல்வதும் ஓர் ஆற்றுப்படையே. அவ்வழியில் ஒருமுறை நடந்து வந்தவன் என்பதன்றி, இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதியில்லை.

நான் புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே உள்ள சிற்றூர் ஒன்றிலே ஆசிரியனாக இருந்தவன். என் தம்பி கடற்றொழில் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன், சோழகக் காற்று பெயரத் தொடங்கிய காலத்திலே, படகுக் கடனின் தவணை நெருங்கிற்று. 'இரண்டு நாள் பொறுத்துப் போகலாம்' என்றான் தம்பி. 'தவணை பொறுக்குமா?' என்றேன் நான். அவன் போனான், திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. ஆகவே, நாள் குறித்துத் திவசம் செய்வதற்கு எங்கள் தாயார் இசையவில்லை. நானோ, தவணையைப் பற்றி நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எவரிடமும் சொல்லாமல், உறக்கமின்றி மாதங்களைக் கழித்தேன்.

எங்கள் கரையோரத்தில் இத்தகைய துயர் புதிதன்று. கற்பிட்டியிலிருந்து உடப்பு வரையிலும், அதற்குத் தெற்கேயும், கடலுக்கு ஒருவரைக் கொடுத்த குடும்பங்கள் பல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் இம்மாவட்டத்தில்தான் தஞ்சம் புகுந்தனர். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோர் பலர். வீட்டையும் ஊரையும் விட்டு வந்த அந்த நினைவோடு இன்றும் முதியோர் வாழ்கின்றனர். இவர்கள் கோயிலையும், பள்ளிவாசலையும், தலவில அன்னம்மாள் ஆலயத்தையும் நாடுகிறார்கள், ஆறுதலும் பெறுகிறார்கள். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், தெய்வத்திடம் சொல்லிய பின்னரும் மனிதர் ஒருவரிடம் சொல்லித் தீர வேண்டிய சில செய்திகள் மனத்தில் எஞ்சிவிடுகின்றன.

அப்படியாயின் ஏன் தயங்குகிறோம்? 'பைத்தியம் என்பார்களே' என்ற அச்சம் ஒன்று. 'ஊர் அறிந்துவிடுமே' என்ற அச்சம் மற்றொன்று. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஆசிரியன் நான். எனக்கு இவ்விரண்டும் இரட்டிப்பாக இருந்தன. ஆகவே, எவரும் என்னை அறியாத நகரம் ஒன்றில், தனியாகத் தொழில் நடத்தும் உளவளத்துணையாளரான அம்மையார் ஒருவரைத் தேடி, இரண்டு மணி நேரம் பஸ் வண்டியில் சென்றேன்.

அங்கே நான் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று. மருந்து தருவார் என்று நினைத்தேன். உளவளத்துணையாளர் மருந்து தருவதில்லை. மருந்து தேவையாயின் மனநல வைத்தியரிடம் அனுப்பிவைப்பார். அறிவுரை கூறுவார் என்று நினைத்தேன், அதுவும் நிகழவில்லை. சிறிய அறை, இரண்டு நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். அவ்வளவே.

முதலில் அவர் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொன்னார். ஒரு சந்திப்பு ஏறக்குறைய 50 நிமிடம். கட்டணம் இவ்வளவு, வர இயலாவிடின் முன்னதாக அறிவித்தல் வேண்டும். நான் சொல்வது அந்த அறையை விட்டு வெளியே செல்லாது. ஆனால் அதற்கு விலக்கும் உண்டு: என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேருமெனத் தோன்றினாலும், குழந்தையொன்று தீங்குக்கு உள்ளாவது தெரிந்தாலும், நீதிமன்றம் கட்டளையிட்டாலும் அவர் பேச வேண்டிவரும். இவற்றை உங்கள் உளவளத்துணையாளர் தாமாகச் சொல்லாவிடின், நீங்களே கேளுங்கள். அவருடைய பயிற்சி என்ன, எங்கே பெற்றார் என்பதையும் கேளுங்கள். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் சான்றாகாது. நல்லவராயின் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

பின்னர் உறக்கம், உணவு, குடும்பம், தொழில் என்று பொதுவாக விசாரித்தார். சில வேளை இருவரும் பேசாதிருந்தோம். அந்த மௌனம் முதலில் எனக்குச் சங்கடமாயிருந்தது. மூன்றாம் சந்திப்பிலே அந்த மௌனத்தில்தான், தவணையைப் பற்றிய வார்த்தை என் வாயிலிருந்து வெளிப்பட்டது. 'உங்கள் மேல் குற்றமில்லை' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். 'இதை இத்தனை நாள் தனியாகவா சுமந்தீர்கள்?' என்று மட்டும் கேட்டார்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் றோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலொன்றில், துயருற்றோருக்குத் தீர்வை வெளியிலிருந்து புகட்டாமல், அவர்களே தம் வழியைக் காணத் துணைநிற்கும் முறையை விளக்கினார். உண்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையில் நின்று உணர்தல் ஆகிய மூன்றையும் துணைபுரிவோரிடம் அவர் எதிர்பார்த்தார். இன்று வேறு முறைகளும் உண்டு. சிலர் வீட்டில் செய்துவரப் பயிற்சிகளும் தருவர். எம்முறையாயினும் முடிவு நம்முடையதே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதற் சந்திப்புக்குப் பின் மனம் இலேசாகும் என்று எண்ணாதீர்கள். எனக்கு முன்னிலும் பாரமாகவே இருந்தது. மூடிய புண்ணைத் திறந்தால் வலிக்கத்தானே செய்யும்? சில கிழமைகள் பொறுத்துப் பாருங்கள். அவரோடு மனம் ஒட்டவில்லையெனில் வேறொருவரை நாடலாம். அதில் நன்றிகேடு ஏதுமில்லை. ஆனால், நிச்சயம் குணமாக்குவேன் என்று உறுதி கூறுபவர், மற்றவர் கதையை உங்களிடம் சொல்பவர், தகாத முறையில் தொடுபவர், கடன் கேட்பவர், தம் மதத்துக்கோ கட்சிக்கோ உங்களை இழுப்பவர் — இவர்களை விட்டு உடனே விலகுங்கள்.

கட்டணம் கொடுக்க வசதியில்லாதோர் என்ன செய்வது? அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சை இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் பணிபுரிகின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பினர் கட்டணமின்றிச் செவிசாய்க்கின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால், நாளை என்று தள்ளாமல் அப்பொழுதே இவர்களுள் ஒருவரை நாடுங்கள். பொலிஸுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஆறாம் சந்திப்புக்குப் பின் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டுக்குச் சென்று, அடுப்படியில் இருந்த தாயாரிடம், தம்பியைக் கடலுக்குப் போகத் தூண்டியவன் நானே என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, 'எனக்கு அப்பவே தெரியும் ராசா. அவன் சொல்லிட்டுத்தான் போனான்' என்றார். நான் மறைத்ததை அவரும் எனக்காக மறைத்தே வைத்திருந்தார். அன்றிரவு நாங்கள் இருவரும் அழுதோம். அடுத்த அமாவாசைக்குத் தம்பியின் பெயரால் கடற்கரையில் நீர் வார்த்தோம்.

தம்பி மீளவில்லை, துயரும் முற்றாக அகலவில்லை. ஆனால் உறங்குகிறேன். கடலையும் மீண்டும் பார்க்க முடிகிறது. அந்த அம்மையார் எனக்குத் தந்த பரிசில் இதுவே. எதிரே வரும் உங்களுள் யாருக்கேனும் அது தேவையாயின், வழி இதுதான்; தயங்காமல் செல்லுங்கள்.