பூட்டு மாறிய புழு

பி.டி. பருத்தியிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு சாகவில்லையே, விதை போலியா என்கிறீர்கள். விதையை மட்டும் குறை சொல்ல முடியாது.

2002-இல் வந்த பி.டி. பருத்தியிலுள்ள 'கிரை 1ஏசி' என்ற நச்சுப் புரதம் மூன்று பகுதிகளாக மடிந்திருக்கிறது. பின்னிரண்டும் புழுவின் குடற்சுவரிலுள்ள ஏற்பிகளைப் பற்றும். பற்றிய பிறகே முதற்பகுதி சுவரில் துளையிடும். சாவியும் பூட்டும் போலத்தான். நம் குடலில் அந்தப் பூட்டே இல்லை.

காதெரின் என்ற ஏற்பி மாறிப்போன புழுக்களிடம் சாவி பொருந்தவில்லை. அவை பிழைத்துப் பெருகின. குஜராத்தில் இந்த எதிர்ப்புத்திறன் 2010-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் இரண்டு புரதமுள்ள பருத்தியையும் புழு தாங்கப் பழகிற்று.

ஆகவே ரோஜா மொட்டுப்போல் குவிந்த பூக்களைப் பறித்து அழியுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு 8 அந்துகள் வீதம் 3 இரவுகள் தொடர்ந்து விழுந்தால் மருந்தடியுங்கள். கடைசிப் பறிப்பானதும் பருத்திமாரை வயலோரம் அடுக்கி வைக்காதீர்கள். எஞ்சிய காய்களில்தான் புழு அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கும்.