வேம்பும் வேப்பெண்ணெயும்
(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேம்பைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பாண்டியர் சூடிய பூ வேம்பு. நிம்பம், பிசுமந்தம், அரிட்டம் என்று அதற்குப் பெயரும் பல. அவற்றை விரிக்கப் புகின் பொழுது போதாது. ஆதலின் மருந்தாம் பகுதியையே எடுத்துக்கொள்வோம்.

வேம்பின் உறுப்பெல்லாம் மருந்தே எனினும், எல்லாம் ஒரு தன்மைய அல்ல. பூ மென்மையுடையது. உதிர்வதைத் துணி விரித்துச் சேர்த்து உலர்த்தி, நெய்யில் வறுத்து இரசத்திலிடுகிறோம். சித்திரை முதல்நாளில் மாங்காயும் வெல்லமும் கூட்டிப் பச்சடி செய்கிறோம். பித்தந் தணிக்கும் என்பர் மருத்துவர். குச்சி பல்லுக்கு உறுதி. அரைத்த இலை சொறி சிரங்கிற்கு மேற்பூச்சு. அம்மை கண்டார் உடம்பை வேப்பங்கொத்தால் வருடுதலும் நன்றே. நமைச்சலுக்கு நகம் படாது காக்கும். ஆயினும் பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது அம்மை குத்தியதன் பயனேயன்றி வேப்பிலையின் பயனன்று.

இனி விதை. 1942இல் சலீமுசமான் சித்திக்கி என்னும் அறிஞர் வேப்பெண்ணெயினின்று நிம்பின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1968இல் விதையினின்று அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. இது புழுவை இரையுண்ண ஒட்டாது. உண்டதோ தோலுரிக்க மாட்டாது மடியும். குதிரில் வேப்பிலையிட்டு நெல் காத்த நம் முன்னோர் பெயரறியாமலே வேம்பின் இவ்வியல்பை அறிந்திருந்தனர். வேப்பெண்ணெயாற் பயிர்ப்பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பாவில் அளித்த தனியுரிமை, அது பண்டே அறிந்தது எனக் காட்டப்பட்டு 2000இல் நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005இல் தள்ளுண்டது. நமக்குப் பெருமையே.

ஆனால், தாய்மார்களே, இங்கே சற்று நின்று கேட்பீராக. அவ்வெண்ணெயைச் சளிக்கென்றும் பூச்சிக்கென்றும் பச்சிளங்குழவிக்குச் சங்கில் வார்த்துப் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அதனை அடியோடு விடல் வேண்டும். மலேசியாவில் இவ்வாறு புகட்டப்பெற்ற குழந்தைகள் சில மணி நேரத்திற்குள் வாந்தியும் மயக்கமும் மூச்சு விரைவும் வலிப்பும் உற்றதை மருத்துவர் 1981இல் எழுதி வெளியிட்டனர். கல்லீரலும் மூளையும் தாக்குறும்; உயிரும் போதலுண்டு. "நாங்களெல்லாம் அது குடித்து வளர்ந்தவர்களே" என்பர் பாட்டிமார். அது பிழைத்தோர் சொல்லும் சான்று; பிழையாதார் வந்து சொல்லார். சூல் கொண்ட மகளிரும் அவ்வெண்ணெயை உட்கொள்ளலாகாது.

அறியாது புகட்டிவிட்டாலோ, குழவி வாந்தி எடுக்கும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. புகட்டிய எண்ணெய்ப் புட்டியையும் உடன் கொண்டு சென்று, எவ்வளவு கொடுத்தீர், எப்பொழுது கொடுத்தீர் என்பதை மறையாது மருத்துவரிடம் உரைப்பீராக.