இரண்டு மணி நேரத்தில் துறந்த ஊர்
(பென்னாகரம் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

வாயளவில் மொழிந்த ஈமான் சோதனையின்றி ஏற்கப்படுவதில்லை என்பதை அன்கபூத் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அல்லாஹ் எச்சரிக்கின்றான். சோதனை என்றதும் சுடுமணலில் கிடத்தப்பட்ட பிலால் (ரலி) அவர்களும், உயிரையே ஈந்த சுமையா (ரலி) அவர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். கண் கலங்குகிறோம், ஆனால் அது 1400 ஆண்டுகளுக்கு முந்தைய வரலாறு என்று மனம் சற்றே விலகி நிற்கிறது. ஆகவே, நம்மைப் போலவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மக்களுக்கு, நம்மில் பலருடைய வாழ்நாளிலேயே நேர்ந்த ஒன்றை இன்று சொல்ல விழைகிறேன்.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. இலங்கையின் கிழக்கே காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் மக்கள் இஷாத் தொழுகையில் நின்றிருந்தனர். ஆயுதம் தாங்கியோர் பின்னாலிருந்து சுட்டனர். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுத இடத்திலேயே ஷஹீதாயினர். விடுதலைப் புலிகள் இதனை மறுத்தனர். எனினும் உயிர் தப்பியோரின் சாட்சியம் அவர்களையே சுட்டியது. குண்டு துளைத்த சுவர்கள் இன்றளவும் பாதுகாக்கப்படுகின்றன. அதே சுவர்களுக்கு நடுவே பாங்கு ஒலிக்கிறது, ஸஃப்கள் நிற்கின்றன. மறுநாள் அந்தப் பள்ளிக்குள் காலெடுத்து வைக்க எத்தகைய ஈமான் வேண்டும்! மழை தூறினால் ஜமாஅத்தைத் தவற விடுகிற நாம் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் ஆணையிட்டனர். சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா எனப் பரவி, அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை அடைந்தது அந்த ஆணை. அங்கே கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணி நேரம். தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்த வீடும் கடையும் அப்படியே நிற்க, உடுத்திய உடையோடும் கையில் சிறு தொகையோடும் புறப்பட்டனர். பெண்களின் காதணிகள்கூடப் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் 70,000க்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். மன்னார்த் தீவின் மக்களில் பலர் படகேறிக் கற்பிட்டியில் கரை இறங்கினர்.

தங்கள் இல்லங்களிலிருந்து நியாயமின்றி வெளியேற்றப்பட்டோரைப் பற்றி ஹஜ் அத்தியாயம் பேசுகிறதே, அதை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! அந்த வசனத்தை இவர்கள் வாழ்ந்தார்கள்.

புத்தளத்து முஸ்லிம்கள் தங்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் அவர்களுக்காகத் திறந்துவிட்டனர். மதீனத்து அன்ஸாரிகளை நினைவூட்டிய நாட்கள் அவை. ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கூலி வேலைக்கும் நிலத்துக்கும் பல்கலைக்கழக இடங்களுக்கும் போட்டி எழுந்தது, மனக்கசப்பும் வந்தது. விருந்தினரை மூன்று நாள் உபசரிப்பது எளிது. இருபது ஆண்டுகள் தென்னோலைக் கொட்டகையில் அகதி என்ற பெயரோடு இருப்பதும், அவர்களோடு கிணற்றையும் வேலையையும் பங்கிட்டுக்கொள்வதும் இரு சாராருக்குமே நீண்ட சோதனை. துப்பாக்கியின் முன் நிலைத்து நின்ற ஈமான்கூட, அன்றாட வறுமையில் தேய்ந்துவிடக் கூடும். அந்தக் கொட்டகைகளிலும் குர்ஆன் மத்ரஸாக்கள் நடந்தன என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சகோதரர்களே! பொறுமை என்றால் அழாமல் இருப்பது என்று சிலர் கருதுகின்றனர். யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் கண்கள் வெளுக்கும் வரை அழுதார்கள். ஆனால் தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். கஅபாவின் நிழலில் அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்களிடம், எங்களுக்காகப் பிரார்த்திக்க மாட்டீர்களா என்று கப்பாப் (ரலி) அவர்கள் வேதனையோடு கேட்டபோது, முன்னோர் பட்ட கொடுமைகளை நினைவூட்டி, அவசரப்படுகிறீர்கள் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். கேட்டதற்காக ஈமானில்லாதவர் என்று அவரைத் தள்ளவில்லை.

இன்னொரு சோதனை உண்டு. அதுதான் கடினமானது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று மாயிதா அத்தியாயம் கட்டளையிடுகிறது. துப்பாக்கி ஏந்தியவர்கள் செய்ததற்கு அந்த மொழி பேசும் மக்கள் எல்லாரும் பொறுப்பாவார்களா? நம் தருமபுரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம்கள் உள்ளன. அவர்களும் குண்டுக்கு அஞ்சி, கடல் கடந்து, எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களே. காத்தான்குடியை நினைத்து அவர்களை வெறுப்போமாயின், நாம் எந்த நீதியைக் கேட்டு மறுமையில் நிற்போம்?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அந்த வெளியேற்றத்துக்காகப் புலிகளின் சார்பில் அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். 2009இல் போர் ஓய்ந்தது. சிலர் திரும்பினர், காடு மண்டிய நிலத்தையும் கூரையற்ற வீட்டையும் கண்டனர். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் தாத்தா சொன்ன கதையாகிவிட்டது. பலர் திரும்பவே இல்லை.

யா அல்லாஹ்! தொழுகையில் வீழ்ந்தோரின் ஷஹாதத்தை ஏற்றுக்கொள்வாயாக! ஊரிழந்தோருக்கு, அவர்கள் எம்மொழியினராயினும் எம்மதத்தினராயினும், அமைதியான இல்லத்தை வழங்குவாயாக! ஆமீன்.