ஊதியம் குறைந்த அரசுப் பணியை ஏற்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகளின் நடனத்துக்கும் இரவு விருந்துக்கும் இடையே என்னைப் பேச நிறுத்தியிருக்கிறார்கள். பசியோடு இருப்பவர்களை நெடுநேரம் காக்க வைப்பது பாவம் என்பதை நான் அறிவேன். ஆதலால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, எனக்குத் தோன்றும் விடையைச் சொல்லி அமர்கிறேன்.

டில்லியில் நம்மிடையே கணிப்பொறித் தொழில் புரியும் இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் எந்த நிறுவனத்திலும் நிலையாக அமராமல், இத்தனை மாதத்துக்கு இவ்வளவு ஊதியம் என்று பேசிக்கொண்டு ஒப்பந்த முறையில் வேலை செய்கின்றனர். நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவனே. இத்தகையோரை அரசுத் துறைகளும் அழைப்பதுண்டு. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் தனியார் தருவதிலும் குறைவு. அதை ஏற்கலாமா, கூடாதா என்பதே கேள்வி.

இக்கேள்வி எழும் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று தாத்தாவின் குரல்: "சர்க்கார் வேலையா? யோசிக்காதே அப்பா, போய்ச் சேர்ந்துவிடு." மற்றொன்று நண்பர்களின் குரல்: "பாதிச் சம்பளத்துக்கு எவனாவது போவானா?" இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு, ஓரளவு பிழையும் உண்டு.

தாத்தாவின் குரலை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் பலர் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் இந்நகருக்கு வந்தனர். சம்பளம் சிறியதுதான். ஆனால் குவார்ட்டர்ஸ் இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. இறுதிவரை ஓய்வூதியம் இருந்தது. குறைந்த சம்பளத்துக்கு ஈடாக நிறைந்த பாதுகாப்பு. அந்த வாழ்க்கையைக் கண்ட பெரியவர்கள் அவ்வாறு சொல்வது இயல்பே. ஆயினும், 2004 ஜனவரி முதல் தேதிக்குப் பின் மத்திய அரசின் சிவில் பணியில் சேர்ந்தோருக்கே பழைய ஓய்வூதிய முறை மாறிவிட்டது. ஒப்பந்தக்காரருக்கோ எந்த ஓய்வூதியமும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. அவர் அரசுக்கு வேலை செய்கிறாரே அன்றி அரசு ஊழியர் ஆகிவிடுவதில்லை. பல வேளைகளில் ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்று இடையில் நின்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, பாதுகாப்பை எண்ணி இப்பணிக்குச் செல்பவர் ஏமாந்து போவார்.

நண்பர்களின் குரலுக்கு வருவோம். அவர்கள் மாத ஊதியத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். தனியாரிடம் மாதம் 2 லட்சம். ஆனால் ஆண்டில் 8 மாதம்தான் வேலை அமைகிறது என்று கொள்வோம். ஆண்டு வருவாய் 16 லட்சம். அரசுத் துறையில் மாதம் 1 லட்சத்து 30 ஆயிரம். 12 மாதமும் வேலை உண்டு. ஆண்டு வருவாய் 15 லட்சத்து 60 ஆயிரம். வேறுபாடு 40 ஆயிரம் மட்டுமே. ஒப்பந்தக்காரருக்கு வேலையற்ற மாதங்களே பெரிய செலவு. அதைக் கணக்கில் சேர்க்காதவன் தன் ஊதியத்தையே அறியாதவன்.

பணத்துக்கு அப்பால் ஒன்று உண்டு. அதை என் அனுபவத்திலிருந்து சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வூதியம் தொடர்பான ஓர் அலுவலகத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்றேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். ஊதியம் நான் வழக்கமாகப் பெற்றதில் ஏறக்குறையப் பாதி. அங்கே நாள்தோறும் ஏராளமான விண்ணப்பங்கள் 'பெயர் பொருந்தவில்லை' என்று இயந்திரத்தாலேயே தள்ளப்பட்டு வந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. தள்ளப்பட்டவர்களில் நம்மவர் மிகுதியாக இருந்தனர்.

காரணம் உங்களுக்கு உடனே விளங்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முதலெழுத்தாக நிற்கிறது. எஸ். இராமன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வங்கிப் புத்தகத்தில் அவர் 'எஸ். இராமன்'. மற்றோர் அட்டையில் 'இராமன் எஸ்.'. குடும்பப் பெயர் இன்றி நகரமாட்டேன் என்று அடம்பிடித்த மூன்றாவது படிவத்தில் 'இராமன் சுப்பிரமணியன்'. வீட்டுக்கு அவர் ஒருவர், இயந்திரத்துக்கு மூவர். அவர் காலமான பின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் அம்மையாரோ அம்மூவரில் எவருக்கும் மனைவியல்லர்!

நான் மேலதிகாரியிடம் இதை விளக்கினேன். அவர் வடநாட்டவர், நல்லவர். "குடும்பப் பெயர் இல்லாத மக்களும் உண்டா?" என்று உண்மையாகவே வியந்தார். அவ்வறையில் அதுவரை அதைச் சொல்ல ஆள் இல்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துவராவிடின் விண்ணப்பத்தைத் தள்ளாமல், பிறந்த தேதியையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் ஒப்பிட்டு, ஐயத்துக்குரியவற்றை ஓர் அலுவலரின் பார்வைக்கு அனுப்புமாறு மாற்றி அமைத்தோம். பதினொரு நாள் வேலை. அதற்குப் பின், முதலெழுத்து மாறியதென்பதற்காக மட்டும் எந்த அம்மையாரும் அங்கே திருப்பி அனுப்பப்படவில்லை. இருமடங்கு ஊதியம் பெற்று நான் செய்த எந்த வேலையும் அந்தப் பதினொரு நாட்களுக்கு ஈடாகாது.

ஆனால் கதையின் மறுபாதியையும் மறைக்கலாகாது. என் பில் ஐந்து மாதம் வரவில்லை. அதிகாரி மாற்றலாகிப் போனார், நிதியாண்டு முடிந்தது, கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. பில் எழுதிய மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை நான் கைப்பணத்திலிருந்து கட்டினேன். வராத பணத்துக்கு வரி! அப்போது என் துணைவியார் தம் வளையல்களை வங்கியில் அடகு வைத்தார். நான் செய்த பொதுத்தொண்டின் செலவை அவர் ஏற்றார். என்னைப் பாராட்டியவர்கள் எவரும் அவரைப் பாராட்டவில்லை.

எனவே இளைஞர்களுக்கு நான் சொல்வது இது. ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். பணியைத் தொடங்குமுன் சிறு தொழில் செய்வோருக்குரிய 'உத்யம்' பதிவைப் பெறுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, அவ்வாறு பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோருக்குத் தர வேண்டிய தொகையை 45 நாளுக்கு மேல் நிறுத்தி வைத்தல் ஆகாது. வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, கூட்டு வட்டியாகத் தரவேண்டும். வேலை முடிந்தது என்று கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இவையெல்லாம் கேட்பது பேராசையன்று. குடும்பத்துக்குச் செய்யும் கடமை.

இன்னொன்று. இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான நந்தன் நிலேகனி 2009இல் அதை விட்டு ஆதார் ஆணையத்தின் தலைமையை ஏற்றார். அது போற்றத்தக்கது. ஆயினும், "அவர் வந்தாரே, நீ ஏன் வரக்கூடாது?" என்று வாடகை வீட்டில் வாழும் இளைஞனிடம் கேட்பது நியாயமாகாது. நிறைந்த வீட்டிலிருந்து ஒரு படி நெல் எடுப்பதும், விதை நெல்லிலிருந்து ஒரு படி எடுப்பதும் ஒன்றல்ல. குறைந்த தொகை சொன்னவருக்கே வேலை என்ற வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டுள்ளத்தையும் மலிவு விலைக்கு வாங்க எண்ணும் துறைகள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். குறைந்த ஊதியத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வராத ஊதியத்தைப் பொறுத்துக்கொள்ள இயலாது.

பெரியோர்களே, ஊருக்குச் செல்லும் ரயிலுக்கு இடம் பிடிக்க விடியுமுன் எழுந்து வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இன்று வீட்டிலிருந்தபடியே டிக்கெட் எடுக்கிறோம். நவம்பர் மாதந்தோறும் "நான் உயிரோடிருக்கிறேன்" என்று வங்கியில் சென்று மெய்ப்பித்த ஓய்வூதியர்களுக்கு 2014இல் 'ஜீவன் பிரமாண்' வந்தது. தேய்ந்த விரல்ரேகை பதியாமல் தவித்தோருக்கு 2021இல் முகம் காட்டிச் சான்று பெறும் வழி வந்தது. இவை தாமாக வந்தவை அல்ல. எங்கோ ஓர் அறையில் யாரோ உட்கார்ந்து, வரிசையில் நிற்கும் கிழவரை மனத்தில் வைத்து எழுதியவை.

அந்த அறையில் நம் வீட்டுப் பிள்ளைகளும் சில ஆண்டுகளேனும் உட்கார வேண்டும் என்பதே என் அவா. வாழ்நாள் முழுதும் வேண்டியதில்லை. ஓர் ஒப்பந்தம், இரண்டு ஒப்பந்தம் போதும். அவர்கள் செல்லும்போது தாய்மார்கள் தடுக்க வேண்டா. பில் வந்ததா என்று மட்டும் மறவாமல் கேளுங்கள்!

விருந்து ஆறிக்கொண்டிருக்கிறது.